விட்ட வரிகள் பதினேழு

1

நம் நகர் நலச்சங்கத்தின் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி புதிய செயலாளர் பாலாஜி கேட்டிருந்தார். "ஜாலியா இருக்கட்டும் சார். பனி, சைக்கிள், சீஸ், அந்த மாதிரி. பசங்களும் படிக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். சரி என்றேன். ஆகவே அந்த மூன்றையும் முதலிலேயே முடித்துவிடுகிறேன். பனி வருஷத்துக்கு நாலு நாள் பெய்யும், ஐந்தாம் நாள் தெருவெல்லாம் சேறாகக் கிடக்கும். சைக்கிளில்தான் ஆபீஸ் போகிறேன். எதிர்க்காற்று அடித்தால் மேடவாக்கம் சிக்னலில் நிற்பதே மேல் என்று தோன்றும். சீஸ் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இரண்டாவது குறுக்குத் தெரு தணிகாசலம் சாரின் மகன் சுரேஷ். பதினான்கு வருஷமாக நெதர்லாந்தில் இருக்கிறேன். மனைவி, ஒரு மகள். மகள் மீராவுக்குப் பதினொரு வயது. தாத்தாவிடம் போனில் "சாப்டீங்களா, நான் நல்லா இருக்கேன், பை" என்ற மூன்று வாக்கியம் தமிழில் பேசுவாள். அதற்கு மேல் கேட்டால் அவள் அந்த ஊர் மொழிக்குப் போய்விடுவாள், அப்பா இங்கிலீஷுக்கு வருவார், நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு இருவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்வேன்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் என்ன வேலை என்று கேட்பீர்கள். சாஃப்ட்வேர் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை சொல்கிறேன், ஏனென்றால் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

நான் செய்வது வெட்டுகிற வேலை. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பல இடங்களிலிருந்து பட்டியல்கள் வரும். ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர், கமா, பிறந்த தேதி, கமா, விலாசம், கமா என்று ரயில் மாதிரி நீளமாகப் போகும். அதைச் சரியான கமாக்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும். தொல்லை எங்கே என்றால், விலாசத்துக்குள்ளேயும் கமா இருக்கும். அதில் வெட்டினால் பாதித் தெரு பெயர் போன் நம்பர் கட்டத்தில் போய் உட்காரும். எந்தக் கமாவில் வெட்டு, எந்தக் கமாவை விட்டுவிடு என்று கணினிக்குச் சொல்ல ஒரு வாய்பாடு எழுதுவோம். அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். பார்ப்பதற்குக் குழந்தை பேனா கிடைத்ததும் கிறுக்கிய மாதிரி இருக்கும்.

இந்த ஊர்க்காரர்களின் பெயருக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டு உண்டு. 'ஃபான் டெர்' இன்னார் என்பார்கள். ஒருமுறை என் வாய்பாடு அதைத் தப்பான இடத்தில் வெட்டி, ஒரு பெரியவருக்கு 'அன்புள்ள திரு. டெர்' என்று கடிதம் போய்விட்டது. அவர் புகார் எழுதினார். மூன்று கூட்டம் நடந்தது. மன்னிப்புக் கடிதமும் பூங்கொத்தும் அனுப்பினார்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர்கள் மொழியில் வருத்தம் தெரிவிக்கப்போய், இழவு வீட்டில் சொல்லும் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துவிட்டேன். பெரியவர் நன்றாகத்தான் இருந்தார்.

என் பெயரும் இங்கே வெட்டுப்பட்டதுதான். குடியேற்ற அலுவலகத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது என்றார்கள். அது எங்களுக்குக் கிடையாது, இனிஷியல்தான் உண்டு என்று மூன்று முறை போய்ச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அந்த இனிஷியலையே விரித்துக் கட்டத்தில் போட்டார்கள். ஆகவே ஆபீஸிலும் வங்கியிலும் மீராவின் பள்ளியிலும் எனக்கு மிஸ்டர் தணிகாசலம் என்றுதான் பெயர். முதல் ஒரு வருஷம் யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பாமல் நின்றிருக்கிறேன்.

3

அப்பா ஓர் அச்சகத்தில் முப்பத்துமூன்று வருஷம் மெய்ப்புப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பதற்கு முன்னால் பேனாவை எடுப்பார். பதினொரு வருஷம் நம் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். அது உங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் மழைக்கு இரண்டு மாதம் முன்னால் போனில் பேசினார். "எல்லா வீட்டு விவரமும் நோட்ல எழுதி வச்சிருக்கேன்பா. யார் தனியா இருக்காங்க, யாருக்கு என்ன உடம்புன்னு. தெரு வாரியா பிரிண்ட் எடுத்து வச்சா, தண்ணி வந்தா பசங்க கையில குடுக்கலாம்."

"வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்புங்கப்பா. வீட்டுக்கு ஒரு வரி. பேரு, கதவு எண், தெரு, போன், குறிப்பு. அஞ்சுதான். நடுவுல கமா போட்டுடுங்க."

"கதவு எண்லயே கமா வருமேப்பா. பழைய எண் இத்தனை, கமா, புதிய எண் இத்தனைன்னு."

"வரட்டும்பா. நான் பாத்துக்கறேன்."

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் போனில் அதிகம் சொல்வது இந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். மோட்டார் ரிப்பேர் என்றாலும் கண் ஆபரேஷன் என்றாலும் நான் பார்த்துக்கறேன். பார்ப்பதற்கு நாம் அங்கே இல்லை என்பதுதான் விஷயம்.

அப்பா ஒற்றை விரலால் இரண்டு வாரம் தட்டினார். எட்டுத் தெரு, எட்டுச் செய்தி. ஒவ்வொன்றின் தலையிலும் தனி வரியில் பிள்ளையார் சுழி. எந்த உதவியும் தேவைப்படாத வீடுகளுக்குக் குறிப்பில் 'நலம்' என்று ஒரே சொல். நான் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடத்தில் வேலையை முடித்தேன். 'புதிய எண்' என்ற சொல்லுக்கு முன்னால் வரும் கமாவில் மட்டும் வெட்டாதே என்று வாய்பாட்டில் ஒரு நுணுக்கம் வைத்தேன். முதல் தடவையே ஓடியது. பெருமையாகக்கூட இருந்தது. கூடவே கை பழக்கத்தில் இன்னொன்றும் எழுதினேன்: ஐந்து துண்டு வராத வரி ஏதோ குப்பை, அதை விட்டுவிடு. ஆபீஸில் அப்படித்தான் செய்வோம். அங்கே விட்டதை எடுத்துப் பார்க்க வேறொரு ஆள் உண்டு.

முடிவில் திரையில் இரண்டு வரி வந்தது. சேர்த்த வரிகள் 203. விட்ட வரிகள் 17. எட்டுப் பிள்ளையார் சுழி, மீதி தலைப்போ வெற்று வரியோ ஏதோ என்று நினைத்தேன். பட்டியலை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு ரொட்டியைத் தின்றேன்.

4

மழை வந்ததையும் ஏரி நிறைந்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதில் நின்றவர்கள். நான் இங்கே ஆபீஸில் உட்கார்ந்து போனைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தார், வந்து சேர்கிறவர்களுக்குப் பாயும் பிரெட்டும் கொடுத்துக்கொண்டு. அவருடைய நோட்டு வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் போய்விட்டது. படகில் போனவர்கள் கையில் நான் அனுப்பிய பட்டியல் இருந்தது. மூன்றாவது குறுக்குத் தெரு என்ன ஆச்சு என்று அப்பா கேட்டதற்கு, "எல்லாம் டிக் ஆயிடுச்சு சார்" என்று பதில் வந்திருக்கிறது. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் வசந்தா டீச்சர் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியம்தான் யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துக் கூட்டிவந்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் இடுப்பளவு தண்ணீரில். பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் அவர். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் மார்க் போட மாட்டார். நான் வழி எழுதாத பையன்.

சங்கக் கூட்டத்தில் டீச்சரின் மகன் ரவி எழுந்து, "ஒரு வரி எழுத முடியலையா சார் உங்களால?" என்று கேட்டதும், அப்பா கையைக் கூப்பிக்கொண்டு "தப்பு என்னோடது" என்று சொன்னதும் உங்களில் பலர் நேரில் பார்த்தது. அன்றே செயலாளர் பதவியை விட்டார். மறுநாள் என்னிடம் போனில் சொன்னபோது நான் அவருக்குச் சொன்ன ஆறுதலை இங்கே எழுதியாக வேண்டும். "விடுங்கப்பா. வயசானா மறதி வர்றது சகஜம்தானே."

அவர் "ஆமாம்பா" என்றார்.

5

ஏப்ரலில் பத்து நாள் ஊருக்கு வந்தேன். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து முனுசாமியின் ஆட்டோ. ஏரிக்கரையோரத்துப் பழைய ஊர்க்காரர், அன்றைக்குப் படகில் வழி காட்டப் போனவர்களில் ஒருவர்.

"இன்னா சார், எப்ப வந்தே? அப்பா ரொம்ப எளைச்சுப்புட்டாரு" என்றார். பிறகு நான் கேட்காமலே பேச்சு அங்கே போனது. "நாங்க லிஸ்ட்ட வச்சிகினுதான் சார் போனோம். மூணாவது குறுக்குல இருந்தவங்கள எல்லாம் ஏத்திக்கினு டிக் அட்ச்சோம். அந்தக் கடசி வூடு லிஸ்ட்லயே இல்ல. பூட்டிகீதுன்னு நெனச்சிகினு படகத் திருப்பிட்டோம். எனக்கு இன்னும் பேஜாரா கீது சார். அப்பாவ ஒண்ணும் சொல்லல. வயசாயிப்போச்சில்ல, இன்னா பண்றது."

"ஆமா அண்ணா" என்றேன் நானும்.

அப்பாவுக்குப் பால் வாங்க மூன்றாவது குறுக்கு வழியாகப் போனால் இரண்டு நிமிடம். அவர் மெயின் ரோடு சுற்றிப் போய் வந்தார். மளிகை ரசீதைக்கூட மூன்று தடவை படித்துவிட்டுத்தான் மடித்தார். மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று காலண்டரில் குறித்துவைத்து, குறித்தோமா என்று மறுபடி போய்ப் பார்த்தார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி உட்கார வைத்திருப்பாள். தன் மூளை தன்னை ஏமாற்றிவிட்டது என்று ஒரு மனிதர் நம்பிவிட்டால் வீட்டுக்குள் எப்படி நடப்பார் என்பதைப் பத்து நாள் பார்த்தேன். டாக்டரிடம் காட்டலாமா என்று மனைவியிடம் போனில் யோசனை கேட்டேன். பிறகு விமானம் ஏறிவிட்டேன்.

6

மூன்று வாரம் முன்னால் பாலாஜி மலருக்குக் கட்டுரை கேட்டபோதே இன்னொரு வேலையும் சேர்த்துக் கொடுத்தார். "போன வருஷம் உங்க ப்ரோக்ராம் சூப்பர் சார். இந்தத் தடவை லிஸ்ட்ட நானே டைப் பண்ணிட்டேன். அப்பாவ தொந்தரவு பண்ண வேணாம்னு."

சனிக்கிழமை காலை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். பழைய நிரலைத் திறந்து பாலாஜியின் பட்டியலைக் கொடுத்தேன். விட்ட வரிகள் 5 என்றது. பாலாஜி பிள்ளையார் சுழி போடுகிற ஆள் இல்லை. தலைப்பும் இல்லை. அப்படியானால் எந்த ஐந்து?

எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் வீடுகள். குறிப்பில் கொஞ்சம் நீளமாக, கமா போட்டு எழுதப்பட்ட வீடுகள். வெட்டும்போது ஐந்துக்கு மேல் துண்டு வந்திருக்கிறது, குப்பை என்று தள்ளிவிட்டது.

அப்பாவின் எட்டுச் செய்திகளும் போனில் அப்படியே இருந்தன. அதையும் ஓடவிட்டேன். பதினேழு. எட்டுப் பிள்ளையார் சுழி. ஒன்பது வீடு. தலைப்பு இல்லை, வெற்று வரி இல்லை. அப்பா வெற்று வரி விடுகிற ஆள் இல்லை. 'நலம்' என்று எழுதிய வீடெல்லாம் சரியாகச் சேர்ந்திருந்தது. யாருக்கு உதவி தேவையோ அவர்களைப் பற்றி அப்பா நிறைய எழுதியிருந்தார், மெய்ப்புக்காரர் ஆயிற்றே, ஒவ்வொரு தகவலுக்கும் இடையில் முறையாகக் கமா போட்டிருந்தார். அவர் எந்த அளவுக்கு அக்கறையாக எழுதினாரோ அந்த அளவுக்கு நிச்சயமாக நான் அந்த வரியைத் தள்ளியிருக்கிறேன். டயாலிசிஸுக்குப் போகிறவர், பிறந்து பத்து நாளான குழந்தை, கண் தெரியாத மாமி. அவர்கள் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஒன்பதாவது வரி டீச்சருடையது. எட்டுத் துண்டு.

முதல் நாலு கமாவோடு வெட்டுவதை நிறுத்து, மீதியை அப்படியே ஐந்தாவது கட்டத்தில் போடு. இதைச் சொல்ல நிரலில் ஒரே ஒரு எண் சேர்த்தால் போதும். சேர்த்தேன். விட்ட வரிகள் 8 என்றது.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துணி துவைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது, போய்த் துணியை எடுத்து உதறிக் காயப்போட்டேன். மீராவின் காலுறைகளை ஜோடி சேர்த்தேன். உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடந்தது, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

மீரா வந்து திரையைப் பார்த்தாள். "இது என்ன, ரெண்டா?" என்று பிள்ளையார் சுழியைக் காட்டிக் கேட்டாள். தாத்தா எதை எழுதினாலும் முதலில் அதைப் போடுவார் என்றேன். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாள். அவளுக்குத் தெரிந்த மொழியில், எனக்குத் தெரிந்த அளவுக்கு, முழுவதையும் சொன்னேன்.

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ ஃபோன் பண்ணு" என்று தமிழில் சொல்லிவிட்டு ஆப்பிளைக் கடித்தபடி மாடிக்குப் போனாள்.

நான் பண்ணவில்லை. இரண்டு வாரம் ஆபீஸ் போனேன், வந்தேன், வரிகளை வெட்டினேன். மிஸ்டர் தணிகாசலம் என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் ஒரு நொடி பதில் சொல்ல முடியாமல் இருந்தது.

7

போன ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டேன். நமக்கு மாலை நாலரை மணி. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய மூன்றாவது குறுக்குத் தெருச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பி, "இதக் கொஞ்சம் படிங்கப்பா" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போனைத் தள்ளிப் பிடித்து, உதடு அசையப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் உதடு நின்றது.

"எழுதியிருக்கேனே" என்றார். "சுரேஷ், நான் எழுதித்தான் இருக்கேன்."

"ஆமாம்பா."

"அப்ப எங்க போச்சு?"

"நான் வெட்டினப்ப போச்சுப்பா." எப்படி என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை, ஆபீஸ் கூட்டத்தில் பேசுவது மாதிரியே இருந்தது, அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் அந்த வரியை மறுபடி ஒருமுறை உதடு அசையப் படித்தார். பிறகு, "நான் கமா அதிகமா போட்டுட்டேனோ?" என்றார்.

"இல்லப்பா. நீங்க போட்டதெல்லாம் சரி. எல்லாமே சரி. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், பாக்கல."

"பிரிண்ட் வந்தப்ப நான் நோட்டோட வச்சு ஒப்பு பாக்கலையேப்பா. முப்பத்துமூணு வருஷம் யார் குடுத்தாலும் ஒப்பு பாத்துதான் கையெழுத்துப் போடுவேன். நீ அனுப்பினதாச்சேன்னு பாக்கல. அப்ப அது என் தப்புதானே."

"அப்பா..."

"இதை டிலீட் பண்ணிடு." காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "எனக்குப் பழகிடுச்சு. நீ இந்தத் தெருவுக்கு வந்து போகணும். ரவி உன்ன என்ன சொல்வான்? இது நம்மளோட இருக்கட்டும். டிலீட் பண்ணிட்டு சொல்லு."

பண்ணிட்டேன் என்று பொய் சொன்னேன். மீராவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து, சாப்டீங்களா, நான் நல்லா இருக்கேன் என்றாள். பை சொல்லவில்லை. தாத்தா அழுகிறார் என்று என்னிடம் அவள் மொழியில் சொன்னாள்.

8

பாலாஜி, கட்டுரை ஜாலியாக அமையவில்லை. நீங்கள் அனுப்பிய புதிய பட்டியலைத் திருத்திய நிரலில் ஓட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் யாராவது ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாக ஒப்பு பார்த்த பிறகு பிரிண்ட் எடுங்கள். ரவிக்குத் தனியாக எழுதிவிட்டேன். பதில் வரவில்லை, வர வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஜனவரியில் வருகிறேன். கூட்டம் போடுங்கள். அன்று அப்பா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.

நகர்வாசிகளுக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். தணிகாசலம் சாருக்கு மறதி இல்லை. அவர் யாரையும் விடவில்லை.

அப்பா, பதவியை விட்டாலும் மலருக்கு மெய்ப்புப் பார்ப்பது இன்னும் நீங்கள்தான் என்று பாலாஜி சொன்னார். ஆகவே இது அச்சுக்குப் போகும் முன்னால் உங்கள் கைக்குத்தான் வரும். என் வாக்கியங்களில் எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது நீங்கள் எழுதியது, போன் நம்பரை மட்டும் எடுத்திருக்கிறேன். இதை அடிக்காதீர்கள்.

வசந்தா டீச்சர், பழைய எண் 14, புதிய எண் 31, மூன்றாவது குறுக்குத் தெரு, தனியாக இருக்கிறார், இரண்டு முழங்காலும் முடியாது, மாடி ஏற மாட்டார், தண்ணீர் வந்தால் முதலில் இங்கே போகவும்.